பாதியில் நின்ற ஆல்பத்தை முடிப்பது என்றால் என்ன? ஜிமி ஹெண்ட்ரிக்ஸை வைத்து ஒரு எளிய விளக்கம்

வேலூரில் கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பெயரை எடுத்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "அவர் செத்த பிறகு வந்ததெல்லாம் காசுக்காக ஒட்டுப் போட்டது சார்" என்பது ஒன்று. "அவர் வாசிச்சதுதானே சார், எப்ப வந்தா என்ன?" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பேச்சும் ஒரு கேள்வியைக் கேட்காமலே தீர்ப்புக்குப் போய்விடுகின்றன: அவர் போன அன்று அந்த ஆல்பம் எந்தக் கட்டத்தில் நின்றிருந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, ஒரு பாடல் ஸ்டுடியோவில் எப்படி உருவாகிறது என்பது தெரிய வேண்டும். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரியும்.

முதலில் ஆளைப் பற்றி இரண்டு வரி

ஹெண்ட்ரிக்ஸ் 1942இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். 1967, 1968 ஆகிய இரண்டே ஆண்டுகளில் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள் வெளியிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரில் என்னவெல்லாம் ஒலி வரும் என்று உலகம் நினைத்திருந்த எல்லையை அந்த மூன்றும் தள்ளிவைத்தன. நான்காவது ஸ்டுடியோ ஆல்பத்துக்காக ஏராளமாகப் பதிவு செய்துகொண்டிருந்தவர், 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்தார். வயது 27.

அந்த நான்காவது ஆல்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நம் விஷயம்.

தறியில் பாதி நிற்கும் சேலை

பழைய வடஆற்காடு மாவட்டத்தில் ஆரணிப் பட்டு தெரியாதவர் இருக்க மாட்டார். 1989இல் மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் வேலூர்க்காரர்களுக்குக் கல்யாணச் சேலை என்றால் இன்றும் கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் பேருந்து ஏறுவதுதான் நினைவுக்கு வரும்.

ஒரு நெசவாளி சேலை ஒன்றைத் தறியில் ஏற்றிப் பாதி நெய்திருக்கிறார் என்று வையுங்கள். பாவு ஓடிவிட்டது. அதாவது நீளவாக்கில் நூல் முழுவதும் கட்டியாயிற்று. கரை என்ன, புட்டா என்ன, முந்தானை எப்படி என்பதெல்லாம் ஜக்கார்டு அட்டையில், அதாவது தறிக்கு வடிவம் சொல்லும் துளை அட்டையில், குத்தியாயிற்று. குறுக்கே ஓடும் ஊடை நூல் பாதிக்குமேல் போயிற்று. அப்போது அவர் இறந்துபோகிறார்.

இனி மூன்று வழி உண்டு. அவர் பக்கத்திலேயே பல வருடம் உட்கார்ந்து நெய்த ஒருவர், அதே அட்டையை வைத்து அதே நூலால் மீதியை முடிக்கலாம். கூர்ந்து பார்த்தால் கை மாறிய இடம் தெரியும். தறிப் பலகை அடிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? ஆனாலும் அது அவர் சேலைதான். இரண்டாவது வழி, யாரோ ஒருவர் வந்து, ஏற்கெனவே போட்ட ஊடையை உருவி எடுத்துவிட்டு, பாவை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நிற ஊடை போட்டு நெய்வது. மூன்றாவது, தறியில் இருப்பதை அப்படியே அறுத்து, நெய்த அளவுக்குத் துண்டாக விற்பது.

கடையில் மடித்து வைத்திருக்கும்போது மூன்றிலும் ஒரே பெயர்ச் சீட்டுதான் தொங்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் விஷயத்தில் முதல் இரண்டும் வேறு வேறு ஆல்பங்களில் நடந்ததைப் பார்ப்போம். மூன்றாவதற்கு இன்னொரு கிட்டார் கலைஞர் உதாரணமாக வருவார்.

டேப்பில் என்ன நடக்கிறது

1970இல் ஸ்டுடியோக்களில் கணினியில் பதிவு செய்வது கிடையாது. ஒலி காந்த நாடாவில் பதியும். பல தடப் பதிவு என்றால், ஒரே அகலமான நாடாவில் பக்கம் பக்கமாகப் பல கோடுகள் ஓடுவது. ஒவ்வொரு கோட்டிலும் தனி ஒலி. ஒரு கோட்டில் பாட்டுக் குரல், ஒன்றில் பாஸ் கிட்டார், சிலவற்றில் டிரம்ஸ், இன்னொன்றில் லீட் கிட்டார். இந்தக் கோட்டைத்தான் தடம் அல்லது டிராக் என்கிறோம். ஹெண்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம் நான்கு தடங்களில் பதிவானது. கடைசி மாதங்களில் அவருக்கு 16 தடங்கள் கிடைத்தன.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. தடங்கள் தனித்தனி என்பதால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை அப்படியே வைத்திருக்கலாம். நம்மூர் மெல்லிசைக் குழுக்கள் பாடகர் குரல் இல்லாத கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாடுவது இதனால்தான் முடிகிறது. அதே வசதியால், இறந்துபோன ஒருவரின் கிட்டாரை வைத்துக்கொண்டு அவருடன் வாசித்த டிரம்மரை நீக்கிவிடவும் முடியும்.

ஏற்கெனவே பதிவானதைக் கேட்டுக்கொண்டே புதிதாக இன்னொரு தடத்தில் வாசிப்பதற்கு மேற்பதிவு என்று பெயர். ஸ்டுடியோக்காரர்கள் ஓவர்டப் என்பார்கள். ஹெண்ட்ரிக்ஸ் தானே இதை மிகுதியாகச் செய்தவர். ஒரு பாட்டில் நீங்கள் கேட்கும் நாலைந்து கிட்டார்களும் அவர் ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்தவையாக இருக்கும். ஆகவே "மேற்பதிவு செய்தது என்றாலே போலி" என்று சொல்ல முடியாது.

கடைசியாக மிக்ஸிங். எல்லாத் தடங்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எது எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும், எது இடது காதில், எது வலது காதில், எதிரொலி எவ்வளவு என்று முடிவு செய்து, இரண்டு தடங்களாகச் சுருக்குவது. அந்தக் காலத்தில் இதைக் கையாலேயே, பாட்டு ஓட ஓட, மிக்ஸிங் பலகையில் உள்ள குமிழ்களை நகர்த்திச் செய்தார்கள். ஹெண்ட்ரிக்ஸும் அவருடைய ஒலிப்பதிவாளர் எடி கிரேமரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நாலு கையால் மிக்ஸ் செய்வார்கள். அவர் கிட்டார் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பறப்பதுபோல் கேட்கும் இடமெல்லாம் இந்தக் கைவேலைதான். மிக்ஸிங்கும் அவருக்கு ஒரு வாசிப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதலில் குழுவாக உட்கார்ந்து அடித்தளப் பதிவு, அதன்மேல் மேற்பதிவு, பிறகு மிக்ஸிங், கடைசியில் எந்தப் பாட்டு எந்த வரிசையில் என்ற தேர்வு. ஒரு கலைஞர் இந்த நான்கில் எங்கே நின்றாலும் மீதியை வேறொருவர் செய்தாக வேண்டும்.

'தி க்ரை ஆஃப் லவ்': பக்கத்தில் இருந்தவர்கள் முடித்தது

1970இல் ஹெண்ட்ரிக்ஸ் நியூயார்க்கில் தனக்கென்றே எலெக்ட்ரிக் லேடி என்ற ஸ்டுடியோவைக் கட்டினார். அதிகாரப்பூர்வத் திறப்பு ஆகஸ்ட் 26. அதற்கு முன்பே, கோடை முழுவதும், அங்கே வேலை ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு முடிந்த கையோடு இங்கிலாந்துக்குப் பறந்தார். அதற்குப்பின் தன் ஸ்டுடியோவுக்கு அவர் திரும்பவே இல்லை. எத்தனை ஆசையாகக் கட்டிய இடம் அது! வாடகை ஸ்டுடியோவில் மணிக் கணக்குப் பார்த்துப் பார்த்து வாசித்த ஒருவருக்குச் சொந்தக் கூரை கிடைத்த கோடை. அந்த மூன்று மாதத்தில் அவர் பதிவு செய்தவற்றில் உள்ள நிதானத்தை முதல் மூன்று ஆல்பங்களில் நான் கேட்டதில்லை.

அவர் இறந்தபோது இந்தப் பாடல்கள் எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கவில்லை. 'ஃப்ரீடம்', 'நைட் பேர்ட் ஃப்ளையிங்' போன்றவை அவரும் கிரேமரும் சேர்ந்து மிக்ஸிங் வரை கொண்டுவந்தவை. சேலை தறியிலிருந்து இறங்கத் தயாராக இருந்தது என்றே சொல்லலாம். 'ஏஞ்சல்' அப்படியில்லை. 1970 ஜூலையில் அடித்தளம் பதிவானது. ஹெண்ட்ரிக்ஸின் குரலும் கிட்டாரும் இருந்தன. டிரம்ஸ் மட்டும் முடிவானதாக இல்லை. அவர் இறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, அக்டோபரில், டிரம்மர் மிட்ச் மிட்செல் அந்தப் பாட்டுக்குத் தன் டிரம்ஸை மேற்பதிவாக வாசித்தார். 'ட்ரிஃப்டிங்' பாட்டில் மிதந்துவரும் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஒலி நவம்பரில் சேர்த்தது. வாசித்தவர் பஸ்ஸி லின்ஹார்ட்.

கிரேமரும் மிட்செலும் சேர்ந்து முடித்த இந்த ஆல்பம் 1971 மார்ச்சில் வெளிவந்தது. தயாரிப்பாளர்கள் என்று ஹெண்ட்ரிக்ஸ், கிரேமர், மிட்செல் மூவர் பெயரும் அதில் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மிட்செல் யார்? 1966 அக்டோபரிலிருந்து ஹெண்ட்ரிக்ஸுடன் வாசித்தவர். ஹெண்ட்ரிக்ஸ் ஒரு சொற்றொடரை எங்கே இழுப்பார், எங்கே மூச்சு விடுவார் என்பது அவர் கைக்குத் தெரியும். 'ஏஞ்சல்' பாட்டில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். குரல் வரும் இடத்தில் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலி பின்வாங்கும். குரல் ஓய்ந்த இடத்தில் உருட்டல் எழும். எதிரில் ஆள் இல்லாமல், ஹெட்போனில் இறந்த நண்பனின் குரலைக் கேட்டுக்கொண்டு வாசித்த வாசிப்பு அது என்று சொன்னால்தான் தெரியும். வாசித்த விதத்தில் தெரியாது.

ஆல்பம் முழுவதும் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 'மை ஃப்ரெண்ட்' 1968இல் பதிவான பாட்டு. வேடிக்கையான, இரைச்சலான மதுக்கடைப் பாட்டு. சுற்றிலும் 1970இன் பாடல்கள் இருக்க, அது வேறு வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக வரும் 'பெல்லி பட்டன் விண்டோ' 1970 ஆகஸ்டில் ஹெண்ட்ரிக்ஸ் தனியாகப் பதிவு செய்தது. குரலும் கிட்டாரும் மட்டும். பின்னாளில் அதற்கு ஒரு குழுவைச் சேர்க்க நினைத்திருப்பாரோ என்னவோ, கிரேமரும் மிட்செலும் அதைத் தொடவில்லை. தொடாமல் விட்டதை நான் பெரிய நேர்மையாக மதிக்கிறேன்.

'கிராஷ் லேண்டிங்': ஊடையை உருவியது

1970களின் நடுவில் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர் கைக்கு ஹெண்ட்ரிக்ஸின் டேப்புகள் போயின. 1975இல் அவர் வெளியிட்ட 'கிராஷ் லேண்டிங்' ஆல்பத்தில் ஹெண்ட்ரிக்ஸின் குரலையும் கிட்டாரையும் வைத்துக்கொண்டு, கூட வாசித்தவர்களின் தடங்களைப் பெரும்பாலும் நீக்கினார். அந்த இடத்தில் ஸ்டுடியோக் கலைஞர்களை வைத்துப் புதிதாக பாஸ், டிரம்ஸ், இன்னொரு கிட்டார் எல்லாம் வாசிக்கவைத்தார். சில பாடல்களுக்கு இணை ஆசிரியர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். ஆல்பம் அமெரிக்காவில் நன்றாக விற்றது. முதல் பத்து இடங்களுக்குள் வந்தது.

வந்து வாசித்தவர்கள் திறமைசாலிகள். அதில் சந்தேகமே வேண்டாம். பிரச்சினை திறமையில் இல்லை. ஒரு குழு சேர்ந்து வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். கிட்டார் கொஞ்சம் முந்தும், டிரம்ஸ் அதைப் பிடிக்கும். டிரம்மர் ஒரு தட்டு மாற்றிப் போடுவார், அதைக் கேட்ட கிட்டார் அடுத்த சொற்றொடரை வேறு திசையில் கொண்டுபோகும். அதாவது பதிவில் நாம் கேட்கும் கிட்டார், பக்கத்தில் இருந்த டிரம்ஸுக்குச் சொன்ன பதில். அந்த டிரம்ஸை நீக்கிவிட்டால் பதில் மட்டும் மிஞ்சும், கேள்வி போய்விடும். புதிதாக வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஏற்கெனவே சொல்லப்பட்ட பதிலுக்குப் பொருத்தமாகக் கேள்வி தயாரிக்கிறார். தாளம் சுத்தமாக இருக்கும். ஆனால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

டக்ளஸ் தரப்பில் சொல்வதற்கும் ஒரு நியாயம் உண்டு. சில பதிவுகளில் உடன் வாசித்தவை தடுமாற்றமாக இருந்தன, அப்படியே வெளியிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் பக்கத்து வாதம். ஆனால் அப்படிப்பட்ட டேப் வெளிவரத்தான் வேண்டுமா என்று அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன்.

ஆகவே மேற்பதிவு இரண்டு ஆல்பத்திலும் நடந்திருக்கிறது. ஒன்றில் கலைஞர் வெற்றாக விட்ட இடத்தை அவரோடு வாசித்தவர் நிரப்பினார். மற்றதில் கலைஞர் நிரப்பிய இடத்தைக் காலிசெய்து அந்நியர்கள் நிரப்பினார்கள். "இறந்த பின் வந்தது" என்று இரண்டையும் ஒரே அடுக்கில் வைப்பது சரியில்லை.

யாராலும் முடிக்க முடியாத ஒரு பகுதி

டிரம்ஸ் சேர்க்கலாம். மிக்ஸ் செய்யலாம். ஆனால் எந்தப் பாட்டை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது என்ற முடிவு? அது கலைஞரின் மனதில் மட்டும் இருந்தது. ஹெண்ட்ரிக்ஸ் தன் கையால் எழுதிய பாடல் பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை இறுதிப் பட்டியல் கிடையாது. இன்று ஒன்று எழுதி, நாளை அடித்து, வேறொன்று எழுதும் ஆள் அவர். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, முடிந்தது என்று சொல்ல மனம் வராமல் இருந்தவர்.

1971இல் நடந்தது இன்னும் சிக்கல். முடிந்த நிலையில் இருந்த பாடல்கள் எல்லாம் ஒரே ஆல்பத்தில் வரவில்லை. 'டாலி டாகர்', 'ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்' போன்ற நல்ல பாடல்கள் அதே ஆண்டு வந்த 'ரெயின்போ பிரிட்ஜ்' என்ற ஆல்பத்துக்குப் போயின. இன்னும் சில 1972இன் 'வார் ஹீரோஸ்' ஆல்பத்துக்குப் போயின. ஒரே தறியில் ஓடிய பாவை மூன்று கடைக்குப் பிரித்து அனுப்பியது போல ஆயிற்று. 'தி க்ரை ஆஃப் லவ்' சில இடங்களில் மெலிவாகத் தெரிவதற்கு ஹெண்ட்ரிக்ஸின் சரக்கு தீர்ந்தது காரணமில்லை. சரக்கைப் பங்கு போட்டதுதான் காரணம்.

1995இல் ஹெண்ட்ரிக்ஸின் தந்தை ஆல் ஹெண்ட்ரிக்ஸ் சட்டப் போராட்டத்துக்குப் பிறகு மகனின் இசை உரிமையைத் திரும்பப் பெற்றார். 1997இல் குடும்பத்தினர், கிரேமரின் துணையோடு, 'ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் த நியூ ரைசிங் சன்' என்ற பெயரில் சிதறிய பாடல்களை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் 17 பாடல்கள். 'தி க்ரை ஆஃப் லவ்' ஆல்பத்தின் பத்துப் பாடல்களும் அதில் உண்டு. நான்கு 'ரெயின்போ பிரிட்ஜ்' ஆல்பத்திலிருந்தும் மூன்று 'வார் ஹீரோஸ்' ஆல்பத்திலிருந்தும் வந்தவை. பெயரும் ஹெண்ட்ரிக்ஸ் யோசித்துவைத்திருந்த பெயர்களில் ஒன்று.

அப்படியானால் இதுதான் அவர் விரும்பிய நான்காவது ஆல்பமா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதன் நம்பகமான தொகுப்பு என்று சொல்லலாம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு "இறுதி ஆல்பம்" என்று கொண்டாடுவதும் தளர்ந்த பேச்சுதான்.

அறுத்து விற்ற துண்டு எப்போதும் மட்டமா?

தறியில் மூன்றாவது வழி ஒன்று சொன்னேன். எதையும் சேர்க்காமல், இருப்பதை இருந்தபடியே வெளியிடுவது. இதற்கு நல்ல உதாரணம் இன்னொரு கிட்டார் மேதை, ஸ்டீவி ரே வான். 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவர் அண்ணன் ஜிம்மி வான், தம்பி பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த பாடல்களிலிருந்து தேர்ந்தெடுத்து 1991இல் 'தி ஸ்கை இஸ் க்ரையிங்' ஆல்பத்தைத் தொகுத்தார். இது பாதியில் நின்ற ஆல்பமே இல்லை. முந்தைய ஆல்பங்களில் இடம் கிடைக்காத, முழுமையாக வாசிக்கப்பட்ட பாடல்கள். அதில் ஹெண்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' பாட்டை குரலே இல்லாமல் கிட்டாரிலேயே வாசித்திருக்கிறார். அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஆக, வெளிவந்த தேதியைப் பார்த்து மதிப்புப் போட முடியாது.

நம் பக்கத்து நிலைமை

இது ராக் இசைக்கு மட்டும் உரிய கேள்வி என்று நினைக்க வேண்டாம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்தார். அவர் குரல் 2021 தீபாவளிக்கு வந்த 'அண்ணாத்த' படத்தில் ஒலித்தது. அவரே பாடி முடித்த குரல் அது. வெளியீடு மட்டும் பிந்தியது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பயன்படுத்தினார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார்.

இந்த இரண்டையும் "மறைந்தவர் பாடியது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதலாவதில் பாடகர் எல்லா முடிவையும் எடுத்துவிட்டுப் போனார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. இரண்டாவதில் குரலின் நிறம் அவர்களுடையது. பாடும் முடிவு வேறொருவருடையது. அனுமதி இருப்பது அறம் சார்ந்த கேள்விக்குப் பதில் தரும். யார் பாடினார் என்ற கேள்விக்கு அது பதில் தராது. இந்த இரண்டாவது வகையோடு ஒப்பிட்டால் 'கிராஷ் லேண்டிங்' கூட நேர்மையானதாகத் தோன்றலாம். குறைந்தது கிட்டாராவது நிஜமாக அவர் கை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் 1968இன் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' ஆல்பத்தைக் கேளுங்கள். அது அவர் உயிரோடு இருந்து, தானே முடித்து, தானே வரிசைப்படுத்தியது. முடித்த ஹெண்ட்ரிக்ஸ் எப்படி ஒலிப்பார் என்ற அளவுகோல் உங்கள் காதில் ஏறிவிடும். பிறகு 'தி க்ரை ஆஃப் லவ்'. அதில் 'ஃப்ரீடம்' பாட்டையும் 'ஏஞ்சல்' பாட்டையும் அடுத்தடுத்து கேட்டால், மிக்ஸிங் வரை அவர் இருந்த பாட்டுக்கும் அடித்தளத்தோடு நின்ற பாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கே பிடிபடும். முதலாவதில் கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நகர்கின்றன. இரண்டாவதில் எல்லாம் அதனதன் இடத்தில் அடக்கமாக நிற்கின்றன. கிரேமர் தன் நண்பன் இல்லாத மிக்ஸிங் பலகையில் துணிச்சலாக எதையும் நகர்த்தவில்லை என்று எனக்குத் தோன்றும். அதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

'கிராஷ் லேண்டிங்' கேட்பதானால் அதற்குப் பிறகு கேளுங்கள். கேட்காமலே திட்ட வேண்டாம்.

போனில் கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. பழைய இசைத்தட்டின் உறையில் யார் எந்த வாத்தியம் வாசித்தார், தயாரிப்பு யார் என்று அச்சிட்டிருப்பார்கள். செயலிகளில் அந்த விவரம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வெளியான ஆண்டாக மறுவெளியீட்டு ஆண்டைக் காட்டும். 'தி க்ரை ஆஃப் லவ்' கூட 2014இல் மறுபடி வெளியிடப்பட்டது. அந்த ஆண்டை நம்பாமல், பாட்டு பதிவான ஆண்டு எது, டிரம்ஸ் வாசித்தவர் பெயர் என்ன என்ற இரண்டை மட்டும் தேடிப் பாருங்கள். 1970 என்றும் மிட்ச் மிட்செல் என்றும் இருந்தால் தயங்காமல் கேட்கலாம்.